பூக்குறதுக்கு முன்னாடியே வித்துப்போன மிளகு

ஜூன் மாசம் முதல் வாரம். கொல்லிமலையில ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து, மழை வலுக்குறதுக்குள்ள மிளகுக் கொடிக்கு அழுகல் நோய் வராம போர்டோ கலவை அடிச்சிருங்க, 100 லிட்டர் தண்ணிக்கு மயில்துத்தம் 1 கிலோ சுண்ணாம்பு 1 கிலோ, ரெண்டையும் தனித்தனியா கரைச்சு பிளாஸ்டிக் டிரம்ல ஊத்துங்க, இரும்பு வேண்டாம்னு நான் பாட்டுக்கு சொல்லிக்கிட்டே போறேன். அந்த அண்ணன் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு கடைசியில மெதுவா சொன்னார், "நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா இந்த வருஷத்து மிளகு நம்மளது இல்லியே."

சில்வர் ஓக் மரத்துல ஏத்தின கொடியில அப்பதான் பூங்கொத்து எட்டிப் பாக்குது, பறிக்கிறதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு, அதுக்குள்ள வித்தாச்சு. பையனை கீழ ஹாஸ்டல்ல சேக்கணும், பீஸ், பெட்டி, யூனிபார்ம், வியாபாரிகிட்ட 20,000 ரூபா முன்பணம் வாங்கியிருக்கார், கிலோ 400 ரூபான்னு அன்னைக்கே பேசி 50 கிலோ காஞ்ச மிளகு தர்றதா ஒப்பந்தம், எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஜனவரியில சந்தையில கிலோ 520க்கு போச்சு. அதாவது 20,000 ரூபாய்க்கு ஏழு மாசத்துல 6,000 ரூபா போயிருச்சு. நம்ம ஊர்க்கணக்குல சொன்னா மாசம் நாலு ரூபா வட்டிக்கு மேல. இதுல சாக்கு கழிவு, ஈரக் கழிவுன்னு தராசுல போனதை நான் சேக்கல.

மலைப்பகுதியில வேளாண் விரிவாக்க வேலை பாக்குறவன் நான், முதல்ல ஒரு தொண்டு நிறுவனம், அப்புறம் விவசாயிங்களே பங்கு போட்டு நடத்துற உழவர் உற்பத்தியாளர் கம்பெனிங்களுக்கு கூட நின்னு ஓடுற வேலை. முதல் நாலஞ்சு வருஷம் என் வேலைன்னு நான் நெனச்சது விதை, உரம், பூச்சி, பயிற்சி, போட்டோ, கையெழுத்து வாங்குற ரிஜிஸ்டர். அந்த திண்ணையில கேட்ட ஒரு வரிதான் என்னை யோசிக்க வெச்சது. விளைச்சலை கூட்டச்சொல்லி நான் பேசுறேன், கூடுற விளைச்சல் யாருக்குப் போகுதுன்னு எனக்கே தெரியல.

அந்த வியாபாரியை வில்லனாக்கிட்டா விஷயம் முடிஞ்சிரும்னு நெனைக்காதீங்க. ராத்திரி 11 மணிக்கு பிரசவ வலின்னு போன் போட்டா வண்டி அனுப்புறவர் அவர்தான், சாவு வீட்டுக்கு 5,000 ரூபா எழுத்து ஒண்ணும் இல்லாம கொடுக்குறவரும் அவர்தான். நாம போறது மாசத்துக்கு ஒருநாள் மீட்டிங்குக்கு. யாரை நம்புவாங்க?

இதை அரசாங்கம் யோசிக்காம இல்ல. 1971ல பாவா கமிட்டின்னு ஒண்ணு பழங்குடி பகுதிகளுக்கு தனியா ஒரு வகை கூட்டுறவு சங்கம் வேணும்னு சொல்லுச்சு, அதுதான் நம்ம லேம்ப் சொசைட்டி. கடன், விதை உரம், வீட்டு சாமான், விளைபொருள் கொள்முதல் எல்லாம் ஒரே கூரைக்கு கீழ. கவனிச்சீங்கன்னா இது அப்படியே வியாபாரியோட கடைதான், வட்டியும் தராசும் மட்டும் நேர்மையா இருக்கணும்னு எழுதினது. யோசனை அருமை. ஆனா மலையில போய் லேம்ப்னா என்னன்னு கேட்டுப்பாருங்க, பாதிப்பேர் "ரேஷன் கடை சார்"னுதான் சொல்வாங்க.

வேற ஒரு மலையில, பேர் வேண்டாம், ஒரு சங்கம் சாமை கொள்முதல் பண்ணுச்சு. வியாபாரியை விட கிலோவுக்கு 4 ரூபா கூட. ஜனங்க சந்தோஷமா தலைச்சுமையா கொண்டாந்து போட்டாங்க, ரசீது கொடுத்தாங்க, பணம் அக்கவுண்ட்ல ஏறும்னாங்க. ஏறுச்சு, 47 நாள் கழிச்சு. அடுத்த வருஷம் தராசு, சாக்கு, ஸ்டாஃப் எல்லாம் ரெடியா உக்காந்திருக்கு, ஒரு மூட்டை கூட வரல. மேல எழுதின ரிப்போர்ட்ல "விவசாயிகளிடம் ஆர்வம் இல்லை"ன்னு போட்டாங்க! 47 நாள் உலை வெக்காம இருக்க முடியுமாங்க? விலை ரெண்டாவதுதான், அன்னைக்கு காசு அன்னைக்கே கைக்கு வரணும், அதுக்கும் முன்னாடி ஜூன் மாசத்துல ஒரு 20,000 ரூபா கிடைக்கணும். இந்த ரெண்டும் இல்லாத கொள்முதல் நிலையம் சும்மா ஷெட்டுதான்.

சரி, ஜூன்ல அந்த 20,000 எங்க கிடைக்கும்? கூட்டுறவு பயிர்க்கடன்ல கிடைக்கும். தமிழ்நாட்டுல தவணைக்குள்ள கட்டினா வட்டியே கிடையாது. மாசம் நாலு ரூபா வட்டி எங்க, இது எங்க. ஆனா நிலம் யார் பேர்ல இருக்கு, என்ன பயிர்னு காட்டுற சிட்டா அடங்கல் கேப்பாங்க. மலையில பட்டா பெரும்பாலும் தாத்தா பேர்ல இருக்கும், தாத்தா போய் 30 வருஷம் ஆயிருக்கும், அப்பா சித்தப்பா பெரியப்பா அஞ்சு பேர், அவங்க பிள்ளைங்க 14 பேர், எல்லாரும் வாய்வழியா பிரிச்சுக்கிட்டு வரப்பு போட்டு உழைக்கிறாங்க, காகிதத்துல மட்டும் இன்னும் தாத்தா உசிரோட இருக்கார். அதனால நான் இப்பல்லாம் ஊர்க்கூட்டத்துல உரத்தைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி இதைத்தான் பேசுறேன். வாரிசு சான்று வாங்குங்க, வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல நிலக் கணக்கு பாக்குற ஜமாபந்தி நடக்குது, அன்னைக்கு கூட்டமா போய் பட்டாவை உங்க பேருக்கு மாத்தச்சொல்லி மனு கொடுங்க, ஒத்தையா போனா நாளைக்கு வாம்பாங்க. போறப்ப பொம்பளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க பதில் வாங்காம திரும்ப மாட்டாங்க.

வன உரிமைச் சட்டம் 2006ல கிடைச்ச பட்டா வெச்சிருக்கவங்களுக்கு வேற கதை. அந்த நிலத்தை விக்கவோ அடமானம் வெக்கவோ முடியாது, வாரிசுக்கு மட்டும் போகும், கல்யாணமானவங்கன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கணும். இதைக் கொண்டுபோய் கவுண்டர்ல நீட்டினா "அடமானம் வெக்க முடியாத நிலத்துக்கு லோன் எப்படிம்மா"ன்னு திருப்பி அனுப்புறதை நானே பக்கத்துல நின்னு பாத்தேன். 2025 ஜனவரி 1ல இருந்து 2 லட்சம் வரைக்கும் விவசாயக் கடனுக்கு அடமானமே கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, அதுக்கு முன்னாடியும் 1.6 லட்சம் வரைக்கும் கேக்கக்கூடாது. கோவப்படாம இதைச் சொல்லுங்க, கேக்கலைன்னா எழுத்துல காரணம் கேளுங்க. எழுத்துலன்னு சொன்ன உடனே பேச்சு மாறுறதையும் பாத்திருக்கேன்.

இடையில ஒண்ணு, இந்த மலை ஜனங்களுக்கு மலையாளின்னு பேர், மலையாளின்னா கேரளாக்காரங்கன்னு இன்னமும் நெனைக்கிறவங்க இருக்காங்க. கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன், ஜவ்வாது மலைகள்ல இருக்குற தமிழ் பேசுற பழங்குடி மக்கள் இவங்க. அரசாங்கத்தோட பழங்குடி (எஸ்டி) பட்டியல்ல மாவட்டத்தோட பேர் போட்டு எழுதினதால ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில இருக்குற அதே ஜனங்களுக்கு எஸ்டி சான்று கிடைக்கல. சான்று இல்லாததால அவங்க வன உரிமை கேட்டாக்கூட மூணு தலைமுறை, 75 வருஷம் இருந்ததுக்கு ஆதாரம் காட்டணும். இதை எழுதினா தனிக் கட்டுரை ஆயிரும், விட்டுர்றேன்.

சாமைக்கு வர்றேன். கட்டவெட்டி சாமை, மல்லிய சாமை, திரிகுல சாமை, பெருஞ்சாமைன்னு கொல்லிமலையில மட்டும் எத்தனை ரகம். இது ஏன் குறைஞ்சு மேட்டுக்காடெல்லாம் மரவள்ளியா மாறுச்சுன்னு கேட்டா காசுப்பயிர் மோகம்னு கீழ உக்காந்து சொல்லிருவாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு ஆயா என்னை உரல் பக்கத்துல கூப்பிட்டு உலக்கையை கையில கொடுத்துச்சு. சாமையோட உமி கண்ணாடி மாதிரி வழுக்கும், குத்து, புடை, மறுபடி குத்து, மறுபடி புடை, அரை மணி நேரத்துல என் கையில கொப்புளம், முறத்துல ரெண்டு பிடி அரிசி. "வெளைய வெக்கிறது ஒரு பாடு, குத்துறது ஒம்போது பாடு, அதுல பாதி பாட்டை உன் மாதிரி ஆளுங்க பாக்குறதே இல்ல"ன்னு சிரிச்சுச்சு. ரேஷன் அரிசி வந்ததும் பொம்பளைங்க உலக்கையை சாத்தி வெச்சாங்க, அது அவங்க தப்பா?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து இங்க வேலை செஞ்சு, ஊர்லயே சின்ன மில் வெச்சு, மகளிர் குழு கையில கொடுத்தாங்க, விதை வங்கியும் வெச்சாங்க. என்னைக் கேட்டா சாமைக்கு நடந்த நல்லதுல இந்த மில்லுதான் முதல்ல வரும். ஆனா மில்லு வாங்கிக் கொடுக்குற திட்டம் எல்லாத்துலயும் ரிப்பேருக்கு பணம் ஒதுக்க மறந்துருவாங்க. வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் எரிஞ்சா மெக்கானிக் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும், வர்றதுக்கே தனி கூலி. நான் வேலை பாக்குற ஊருங்கள்ல ஒண்ணுல மூணு மாசம் மில்லு நின்னதுக்கு காரணம் 1,800 ரூபா வேலை. இப்ப ஒரு மூட்டை தீட்டினா 10 ரூபா தனி டப்பாவுல போடுறாங்க, அதை யாரும் தொடக்கூடாது. அப்புறம் சாமையை தீட்டாம வெச்சா வருஷக்கணக்குல கெடாது, தீட்டினா ரெண்டு மூணு மாசத்துல வண்டோ சிக்கு வாடையோ வந்துரும், அதனால ஆர்டர் வந்தப்புறம் தீட்டுங்க. பாக்கெட் அழகா இருக்குன்னு மொத்தமா தீட்டி அடுக்கி வெச்சு நான் ஒருதடவை கெடுத்திருக்கேன்.

மரவள்ளியையும் திட்டி பிரயோஜனம் இல்ல, குழந்தைங்களை படிக்க வெச்சது அதுதான். ஆனா அதுலயும் கிழங்கை கீழ ஜவ்வரிசி மில்லுக்கு கொண்டுபோனப்புறம்தான் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்டுன்னு சொல்வாங்க, அதை வெச்சுத்தான் விலை, லாரி வாடகை கொடுத்து இறக்கினவன் பாயிண்ட் பத்தலைன்னு திருப்பி ஏத்திட்டா வருவான்? நீங்க அனுப்புற சரக்குக்கு பாயிண்ட் பாக்குறப்ப உங்க ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கட்டும், அவ்வளவுதான் சொல்வேன். 2020ல கேரளாவுல புதுசா மாவுப்பூச்சி தென்பட்டு அப்புறம் இந்தப்பக்கமும் வந்து செடியோட கொழுந்தெல்லாம் சுருண்டப்ப கடைக்காரர் சொன்ன மருந்தை எல்லாம் அடிச்சு கடனாளி ஆனாங்க. 2022ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல, ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்த ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வெளியில விட்டாங்க, கண்ணுக்கே சரியா தெரியாது, அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு காலி பண்ணிரும். நாம மருந்து அடிச்சா முதல்ல சாகுறது அந்தக் குளவிதான். மருந்து அடிக்காதீங்கன்னு சொல்றதுதான் எங்க வேலையிலயே கஷ்டமானது, கையில எதையும் கொடுக்காம வந்துட்டு போறான்னு நெனைப்பாங்க.

உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020ல வந்த 10,000 எஃப்பிஓ (உழவர் உற்பத்தியாளர் அமைப்பு) திட்டத்துல மலைப்பகுதின்னா 100 பேர் சேந்தாலே போதும்னாங்க, சமவெளிக்குத்தான் 300. ஒரு ஆளுக்கு 2,000 ரூபா வரைக்கும் பங்குக்கு மானியமும் வெச்சாங்க. ஆனா அது கம்பெனி. வியாபாரம் ஒரு ரூபாய்க்கு நடக்கலைன்னாலும் வருஷக்கணக்கு தாக்கல் பண்ணணும், லேட்டானா ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபா ஏறிக்கிட்டே போகும். டைரக்டர்னு கையெழுத்து போட்ட அண்ணனுக்கு இது தெரியாது, ஆரம்பிச்சு வெச்ச ஆளு வேற ஊருக்கு மாறிப்போயிருப்பார். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, ஆடிட்டர் யார், அவருக்கு வருஷம் எவ்வளவு, யார் கொடுக்குறதுன்னு மூணு கேள்வி கேட்டுருங்க.

அந்த திண்ணை அண்ணன் ஊர்ல போன ஜூன்ல குழு சேமிப்புல இருந்து ஆளுக்கு 10,000 வரைக்கும் கொடுத்தோம், மாசம் ஒரு ரூபா வட்டி, மிளகு வித்துட்டு கட்டணும். ஜனவரியில ஒரு மீட்டிங் ஹால்ல ஒரு டிஜிட்டல் தராசு வெச்சு எடை போட்டோம், ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம்னு லிட்டர் வெயிட்டும் பாத்தோம். பறிச்ச மிளகை ஒரு நிமிஷம் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து தார்ப்பாய்ல காய வெச்சவங்களுது கருகருன்னு இருந்துச்சு, ரோட்டுல காய வெச்சது நரைச்சுப்போய் இருந்துச்சு, விலை வித்தியாசத்தை அங்கயே எல்லாரும் பாத்தாங்க. பணம் அன்னைக்கே.

அண்ணன் 50 கிலோல 30 கிலோதான் கொண்டாந்தார். மீதி எங்கன்னு கேட்டேன். "அவருக்கு 20 கிலோ கொடுத்துட்டேன் சார், 8,000 வாங்கியிருந்தேன்"னார். குழுவுல கேட்டிருக்கலாமேன்னேன். "குழு ராத்திரி 11 மணிக்கு போன் எடுக்குமா சார்?"