காட்பாடியில் வந்து இறங்கிய காய்ச்சல்

வேலூர்ப் பக்கம் மலேரியா குறைவு. சிக்கலே அதுதான். காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் எங்களுக்கு டெங்குவும் உண்ணிக்காய்ச்சலும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

ஆனால் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அசாமிலிருந்து விடுப்பில் வந்த ஒருவருக்கு, ரயிலை விட்டு இறங்கிய ஆறாம் நாள் காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் எங்கோ ஓர் ஊசி. கண் மஞ்சளானதும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாள் இப்படியே போய்விட்டது.

“இன்னா இன்னாவோ பேசிக்கினு கீறாரு சார்” என்றார் மனைவி. காலையிலிருந்து சிறுநீர் இல்லை. கடைசியாகப் போனது கடுங்காப்பி நிறத்தில். விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை அபாயமாக இறங்கி 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்சம் தெளிந்தார். அப்போதுதான் “எங்கே டியூட்டி?” என்று கேட்டேன். வாசலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஸ்மியரில், அதாவது கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்த ரத்தத்தில், சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக பால்சிபாரம், மலேரியாக் கிருமிகளில் ஆபத்தானது.

இந்தக் கிருமி புகுந்த சிவப்பணு, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் அடைத்தால் உளறல், வலிப்பு, கோமா. சிறுநீரகமும் நுரையீரலும் தப்பாது. சர்க்கரையும் இறங்கும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் வேகமாக. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பால்சிபாரம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மலேரியா உள்ள ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு என்று எங்கே போய் வந்திருந்தாலும் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விரல் நுனி ரத்தத்தில் மலேரியா பார்க்கும் கார்டு டெஸ்ட் கால் மணி, இருபது நிமிட வேலை. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்து காய்ச்சல் நீடித்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

கடுமையான மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி: உடனே ஒன்று, 12 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில், பிறகு தினம் ஒன்று. விழுங்க முடிந்த பிறகு மூன்று நாள் கூட்டு மாத்திரை. 2005இல் வெளியான ஆசிய ஆய்வில் பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15. நல்ல மருந்துதான், ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும்.

அவருக்கு நாலு டயாலிசிஸ் ஆனது, அப்புறம் சிறுநீர் இறங்கியது. வீட்டுக்குப் போகும்போது, இரண்டு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பார்க்க வரச் சொன்னேன். இந்த ஊசிக்குப் பின் சிலருக்குச் சிவப்பணுக்கள் தாமதமாக உடையும். “நல்லாதான சார் கீறேன்” என்று சலித்துக்கொண்டுதான் வந்தார். 10 இருந்தது 7.8 ஆகியிருந்தது.