மீறும்வரை எழுதுவதில்லை: பிரிட்டன் ஆளப்படும் விதம்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று குறுவைக்காகத் திறக்கப்பட வேண்டும் என்பது காவிரி டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அணையில் நீர் இல்லாத ஆண்டில் தேதி தள்ளிப்போகும். நீர் மிகுந்திருந்த 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். தேதி தவறியதற்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை. ஆனால் ஏன் தவறியது என்று விளக்கம் சொல்லாமல் எந்த அரசும் கடைமடை விவசாயியின் முன் நிற்க முடியாது. நீதிமன்றம் கட்டாயப்படுத்தாத, எனினும் மீறியவர் பதில் சொல்லியே தீர வேண்டிய இத்தகைய வழக்கங்களைக் கொண்டுதான் பிரிட்டன் தன் ஆட்சியின் பெரும்பகுதியை நடத்துகிறது.

அதற்காக அங்கே எழுத்தில் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், அரியணை வாரிசுரிமையை வரையறுத்த 1701-ஆம் ஆண்டின் சட்டம், 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் என அரசமைப்பு சார்ந்த சட்டங்கள் பல உண்டு. அவை ஒரே ஏட்டில் தொகுக்கப்படவில்லை என்பதைவிட முக்கியமானது, நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்ற முடியாத சட்டம் எதுவும் அங்கே இல்லை என்பதே. இந்தியாவிலோ 368-ஆவது பிரிவின்படி, அரசமைப்பைத் திருத்துவதற்கு ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும்.

சட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை மரபுகள் நிரப்புகின்றன. மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுக்கும் அதிகாரம் சட்டப்படி இன்றும் மன்னரிடம் இருக்கிறது. ஆனால் 1708-இல் அரசி ஆன் மறுத்ததற்குப் பிறகு அதை எவரும் பயன்படுத்தியதில்லை. பிரதமர் பதவியே எந்தச் சட்டத்தாலும் உருவாக்கப்பட்டதன்று. மக்களவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவரை மன்னர் அழைத்து அமர்த்துகிறார். நம்பிக்கை போனால் அவர் விலகவோ தேர்தலுக்குச் செல்லவோ வேண்டும். 1979 மார்ச் 28 இரவு, ஜேம்ஸ் கலாகன் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 311 பேர் ஆதரித்தனர். 310 பேர் எதிர்த்தனர். ஒரே ஒரு வாக்கில் தோற்ற கலாகனைத் தேர்தலுக்குப் போகச் சொல்லும் சட்டம் எதுவும் அன்று இல்லை. ஆயினும் போனார், பதவியையும் இழந்தார். மரபை மதிக்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆள முயல்பவருக்கு, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றித் தர அவையில் ஆள் இருக்காது என்பதே இதன் பின்னுள்ள நடைமுறைக் காரணம்.

மரபை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1909 சிறந்த சான்று. நிதி மசோதாக்களை மேலவையான பிரபுக்கள் அவை தடுப்பதில்லை என்பது நெடுங்கால வழக்கம். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் வரவு செலவுத் திட்டம் நிலத்தின் மீது வரி விதிக்க முற்பட்டதும், பெருநிலக்கிழார்கள் நிறைந்த அந்த அவை அதை நிராகரித்தது. 1910-இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை நியமித்தே அவையின் எதிர்ப்பை முறியடிப்பதற்கு மன்னரும் இசைந்தார். முடிவில், 1911-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் நிதி மசோதாவை அந்த அவை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது என்று எழுத்திலேயே வைத்துவிட்டது. மரபைப் பேணியிருந்தால் பிரபுக்களின் அதிகாரம் பெயரளவிலாவது பிழைத்திருக்கும்.

இதே பிரிட்டிஷார்தான் நம் வாய்க்கால்களை ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது, 1858-இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அதை ஏட்டில் ஏற்றினார்கள். தங்கள் நாட்டில் மரபு மீறப்பட்டபோது உடைமையாளரின் அதிகாரத்தைக் குறைத்தவர்கள், இங்கே உழைப்பவர் மீது கட்டாயத்தைச் சுமத்தினார்கள் என்ற வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும்.

அண்மைய மோதல் 2019-இல் நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் கெடு நெருங்கிய வேளையில், பிரதமர் போரிஸ் ஜான்சன் அரசியிடம் ஆலோசனை கூறி நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு முடித்துவைத்தார். இந்தியாவில் இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி கூடாது என்று 85-ஆவது பிரிவு வரம்பு கட்டுகிறது. அங்கே அப்படி ஓர் எழுத்து வரம்பு இல்லை. எனினும் செப்டம்பர் 24 அன்று வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாக அந்த முடிவு சட்டவிரோதம் என்றும், கூட்டத்தொடர் முடிக்கப்படவே இல்லை என்றும் தீர்ப்பளித்தனர். தக்க காரணமின்றி நாடாளுமன்றத்தின் பணியை முடக்குவது எந்த ஏட்டிலும் தடைசெய்யப்படாவிட்டாலும், அதற்கான அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை என்பது அவர்கள் வாதம்.

நாடாளுமன்றத்தைக் கலைப்பதிலோ கதை எதிர்த் திசையில் சென்றது. தேர்தல் தேதியைப் பிரதமர் நினைத்தபடி குறிக்கும் பழைய வழக்கத்தை 2011-இல் ஒரு சட்டம் ஒழித்து, ஐந்தாண்டுக் காலத்தை நிலைப்படுத்தியது. அச்சட்டம் 2022-இல் நீக்கப்பட்டு, பழைய அதிகாரம் மீட்கப்பட்டது. அதன் பயன்பாட்டை நீதிமன்றங்கள் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்ற வாசகமும் சேர்க்கப்பட்டது. எழுதப்படாத ஒன்றை மீட்டெடுக்கவும் காக்கவும் ஒரு சட்டம் எழுத வேண்டியிருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் ரிஷி சுனக், தமக்கு இன்னும் சில மாதங்கள் அவகாசம் இருந்தும், 2024 ஜூலை 4-ஐத் தேர்தல் நாளாகக் குறித்துத் தோற்றார்.