இரண்டு கோடு, வெறும் கருப்பை

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி வந்தார். வயது 28. வீட்டில் கர்ப்பம் சோதித்த குச்சியை டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கோடும் பளிச்சென்று இருந்தன. கூட வந்த மாமி, ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு நேராக வந்திருந்தார். ஸ்கேனில் கருப்பைக்குள் ஒன்றுமே இல்லை. மூன்று கிழமையாக இருமல், சளியில் கொஞ்சம் ரத்தம் என்று எழும்பிப் போகும்போதுதான் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்.

ஏழு மாதத்துக்கு முன் அவருக்கு முத்துப்பிள்ளைக் கர்ப்பம், அதாவது கருவுக்குப் பதிலாக நச்சுக்கொடித் திசு தாறுமாறாக வளரும் கர்ப்பம். கருப்பையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் ரத்தத்தில் பார்த்த பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹோர்மோனின் அளவுகள் இருந்தன: 48,000, 3,100, 260. அதற்குப் பிறகு வெற்றுப் பக்கம்.

"எல்லாம் சுத்தம் செய்தாச்சுதானே டொக்டர், பிறகு ஏன் கிழமைக்குக் கிழமை ரத்தம் என்று நாங்கதான் போக விடல்ல" என்றார் மாமி. இந்த வருடம் இதை நான் கேட்பது மூன்றாவது தடவை.

சுத்தம் செய்தால் முடிந்தது என்பது மற்றக் கருச்சிதைவுகளுக்குப் பெரும்பாலும் சரி. முத்துப்பிள்ளையில் வளர்வது நச்சுக்கொடித் திசு. கருப்பைச் சுவருக்குள் இறங்குவது அதன் இயல்பு. உறிஞ்சி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத கலங்கள் தங்கலாம். முழு முத்துப்பிள்ளை (கருவே உருவாகாத வகை) வந்த நூறு பேரில் ஏறக்குறைய 15 பேருக்கு அவை திரும்ப வளர்கின்றன. அது புற்றுநோயாகி நுரையீரல்வரை பரவலாம். ஆரம்பத்தில் வலி இருக்காது, ஸ்கேனும் சுத்தமாகத் தெரியலாம். காட்டிக்கொடுப்பது அவை சுரக்கும் எச்சிஜி மட்டும்தான். கர்ப்பக் குச்சி பிடிப்பதும் அதே ஹோர்மோனைத்தான். அந்த இரண்டு கோடுகள் பிள்ளையினுடையவை அல்ல.

1956இல் அமெரிக்காவில் மின் சியூ லீ என்ற டொக்டர் இந்தப் புற்றுநோய்க்கு மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்த பின்னும், ஹோர்மோன் மறையும்வரை மருந்தை நிறுத்த மறுத்தார். அதற்காக வேலையையே இழந்தார். ஆனால் அவர் விடாமல் மருந்து கொடுத்த பெண்கள் பிழைத்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு வழிகாட்டி அந்த எச்சிஜி எண்தான்.

அப்புறம், "அன்னாசி சாப்பிட்டாள், ஸ்கூட்டியில் ஓடினாள்" என்று மருமகளைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். முழு முத்துப்பிள்ளையில் தாயின் நிறமூர்த்தங்களே இல்லை, எல்லாம் தகப்பனுடையவை. அதற்காக அவரையும் திட்ட வேண்டாம், அது யார் கையிலும் இல்லை.

அளவு சாதாரணமாகும்வரை கிழமைக்கு ஒருமுறை, பிறகு டொக்டர் போதும் என்னும்வரை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுங்கள். வழக்கமாக ஆறு மாதம் அளவில் ஆகும். அதுவரை கர்ப்பம் தரிக்கக் கூடாது, தரித்தால் எண் ஏறுவது எதனால் என்று எங்களுக்கே தெரியாது. ஆணுறையோ குளிசையோ பாவியுங்கள். அளவு சாதாரணமாகும்வரை, கருப்பைக்குள் வைக்கும் லூப் மட்டும் வேண்டாம். கணவன்மாரே, கிளினிக்குக்குள் நீங்களும் வந்து உட்காருங்கள். "எப்ப விசேஷம்?" என்று கேட்கும் உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அடுத்த முறையும் முத்துப்பிள்ளையாவது நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான்.

பிள்ளை பெற்ற பிறகும், கரு கலைந்த பிறகும் இந்த நோய் வரலாம். ரத்தப்போக்கு நிற்காமல் இழுத்தால் எச்சிஜி பாருங்கள். இளம் டொக்டர்மாருக்கும் ஒரு வார்த்தை: எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அடுத்த திகதியைக் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள்.

நுரையீரலுக்குப் போன பிறகும் இது பெரும்பாலும் குணமாகும். அந்தத் தங்கச்சிக்கு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏறுகிறது, எண் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கிழமைக்குக் கிழமை கூட்டிப்போவது மாமிதான், கொப்பியும் அவர் கையில்தான்.