‘ஓடி’ என்கிற மேல்வரைப்பற்று

கோலாலம்பூரில் சிறுதொழில் செய்கிற தமிழர்கள் ‘ஓவர்டிராஃப்ட்’ என்று முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஓடி’தான். “ஓடி எவ்வளவு கொடுத்திருக்காங்க?”, “ஓடி முட்டிப்போச்சு”, “ஓடியை கட் பண்ணிட்டாங்க.” செந்தூலில் அச்சகம் நடத்திய பதினொரு வருடமும் இந்தச் சொல் என் வாயில் புழங்கியது. அதற்குப் பொருள் தெரியாமலேயே புழங்கினேன் என்பது வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்த அன்றுதான் புரிந்தது.

கடிதம் மலாயில் இருந்தது. ஓவர்டிராஃப் வசதி ‘டிதாரிக் பாலிக்’, அதாவது திரும்ப இழுத்துக்கொள்ளப்படுகிறது. என் வரம்பு 80,000 வெள்ளி (ரிங்கிட்). அன்றைக்கு எடுத்திருந்தது 71,000 சொச்சம். பதினான்கு நாளில் அத்தனையும் கட்ட வேண்டுமாம். ஒரு மாத வட்டிகூட நான் பாக்கி வைத்தவன் கிடையாது. கிளைக்குப் போய், “தவணை தவறாத ஆளிடம் இப்படிக் கேட்கலாமா தம்பி?” என்றேன். அங்கே இருந்த அதிகாரி தமிழ்ப் பையன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணே, ஓடிக்கு ஏதுண்ணே தவணை?” என்றான். வயிறு எரிந்தது. ஆனால் அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

நடப்புக் கணக்கில் இருப்பு தீர்ந்த பிறகும், ஒரு வரம்பு வரைக்கும் காசோலை எழுத வங்கி அனுமதிப்பதுதான் ஓவர்டிராஃப்ட். இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகும். கீழே போன தொகைக்கு மட்டும் வட்டி, அதுவும் நாள் கணக்கில். வரம்பு 80,000 ஆக இருந்தாலும் 30,000 எடுத்துப் பத்து நாளில் திருப்பிப் போட்டால், ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் 65 வெள்ளி 75 காசு. அவ்வளவுதான். பெரிய வரம்பாக இருந்தால், எடுக்காமல் விட்ட பகுதிக்கும் ஆண்டுக்கு 1 விழுக்காடு என்று தனியாக ஒரு கட்டணம் போடும் வழக்கமும் உண்டு. இஸ்லாமிய வங்கிமுறையில் இதே வேலையைச் செய்வதற்கு ‘கேஷ் லைன்-ஐ’ என்று பெயர்.

ஆங்கிலத்தில் ‘ஓவர்’ என்பது மேலே, மிகையாக. ‘டிராஃப்ட்’ என்பதன் வேர், பழைய ஆங்கிலத்தில் இழுத்தலைக் குறித்த ஒரு வினை. பீப்பாயிலிருந்து பீர் இழுப்பதும், மாடு ஏர் இழுப்பதும், காகிதத்தில் பேனாவை இழுத்துக் கோடு போடுவதும் அந்த ஒரே வேர்தான். கணக்கிலிருந்து பணம் எடுப்பதும் அவர்களுக்கு இழுப்பதுதான். ஆக, இருப்பதற்கு மேல் இழுத்தது ஓவர்டிராஃப்ட். நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபட வேண்டும். இழுத்து ஆற்றித் தருகிற தேநீரான தே தாரிக்கில் இருக்கிற ‘தாரிக்’ இதே இழுப்புதானே. எனக்கு வந்த கடிதத்தில் இருந்ததும் அதே தாரிக். அதோடு ‘பாலிக்’ சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: நாம் பணம் எடுத்தாலும் ‘வித்டிரா’, வங்கி வசதியைப் பறித்தாலும் ‘வித்டிரா’. கயிறு ஒன்று, முனை இரண்டு.

இந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது என்றால், எடின்பரோவைக் கைகாட்டுகிறார்கள். 1727இல் தொடங்கிய ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, அடுத்த ஆண்டே வில்லியம் ஹாக் என்ற வணிகருக்கு, கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. சரக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாள் ஒன்று, விற்ற பணம் கைக்கு வரும் நாள் இன்னொன்று. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஏற்பாடு. முந்நூறு வருடம் ஆகப்போகிறது. என் அச்சகத்திலும் அதே இடைவெளிதான்: காகிதக்காரருக்கு முப்பது நாளில் கட்ட வேண்டும், பள்ளிக்கூடங்கள் தொண்ணூறு நாளில் தரும்.

தமிழில் இதற்கு மூன்று சொற்களைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டுக் கணக்கியல் பாடப் புத்தகங்களில் ‘மேல்வரைப்பற்று’. இலங்கைப் பாடநூல்களில் ‘மேலதிகப்பற்று’. அங்கங்கே ‘மிகைப்பற்று’ என்றும் எழுதுகிறார்கள். மூன்றிலும் பொதுவாக நிற்பது ‘பற்று’. வரவுக்கு எதிர்ப்பக்கம் எழுதுகிற, பேரேட்டில் ஊறிய சொல். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மேலதிகம் வடமொழி வாடையோடு இருந்தாலும் பொருள் தெளிவு. மிகைப்பற்று சுருக்கம், பேச்சுக்கு வாகானது.

எனக்குப் பிடித்தது மேல்வரைப்பற்று. அதற்குக் காரணம், நடுவில் இருக்கிற ‘வரை’. யார் இந்தச் சொல்லை ஆக்கினார்களோ, ‘டிரா’ என்பதைப் படம் வரைகிற வரைதலாக எடுத்துக்கொண்டு ஆக்கியிருக்க வேண்டும். ‘வரைவோலை’யும் அந்த வழியில் வந்ததுதான். நியாயமாகப் பார்த்தால் அது சறுக்கல். பணத்தை யாரும் வரைவதில்லை. ஆனால் தமிழில் ‘வரை’ என்றால் எல்லையும்தான்: வரம்பு, வரையறை, ‘அதுவரைக்கும்’ எல்லாம் அந்தக் குடும்பம். ஆகவே ‘மேல்வரைப்பற்று’ என்பதை ‘மேல் எல்லை போட்டுக் கொடுத்த பற்று’ என்றும் படிக்கலாம். ஆங்கிலச் சொல் நாம் இழுத்ததை மட்டும் சொல்கிறது. தமிழ்ச் சொல், தெரிந்தோ தெரியாமலோ, எல்லை ஒன்று இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அந்த எல்லைக்கோட்டைப் போடுகிறவர் வங்கிக்காரர். போட்ட கையே அழிக்கவும் செய்யும். (சங்கப் பாட்டில் ‘வரைவு’ என்றால் திருமணம். தலைவனிடம் சீக்கிரம் கல்யாணத்தை முடி என்று தோழி நெருக்குவதற்கு ‘வரைவு கடாதல்’ என்று பெயர். கடிதம் வந்த அந்தப் பதினான்கு நாளும் எனக்கு வங்கிதான் தோழி.)

மலாய் மொழி இந்தச் சொல்லை ‘ஓவர்டிராஃப்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. கடை என்பது நம்மிடமிருந்து ‘கெடாய்’ ஆனது. முதல் போடுகிற ‘முதல்’ அங்கே ‘மொடால்’. வட்டிக்குக் கொடுப்பவர் ‘செட்டி’. நாம் போட்ட கூட்டுச்சீட்டு இந்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஏறியிருக்கிறது, 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டமாக. பெருமைப்படுகிற இடம்தானா என்று கேட்காதீர்கள். இவ்வளவு கொடுத்த மொழியில், இந்தக் கடனுக்கு மட்டும் சொல் இல்லாமலா இருந்திருக்கும்?

அதே பெயரில் இல்லை. ஆனால் கருத்து இருந்தது. கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் பினாங்குத் தீவின் பினாங்குத் தெருவிலும் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்து நடத்திய செட்டியார்கள் பணத்தை ‘நடப்பு’ என்றும் ‘தவணை’ என்றும் பிரித்தார்கள். தவணை என்றால் நாள் குறித்துப் போட்ட பணம்; அந்த நாள் வரும்வரை கேட்க முடியாது. நடப்பு என்றால் எப்போது கேட்டாலும் எடுத்து வைக்க வேண்டியது. இன்றைய ‘நடப்புக் கணக்கு’ என்ற பெயரிலும் அந்த வாசனை இருக்கிறது. ஓடி என்பது நடப்பில் கொடுத்த கடன். ஒப்பந்தத்தில் ‘கேட்டவுடன் திருப்பித் தரத்தக்கது’ என்று ஒரு வரி இருக்கும். நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வருடா வருடம் புதுப்பித்துக் கொடுத்ததால், அது என் பணம் மாதிரியே ஆகிவிட்டது. 80,000 வரம்பில் 9,000 மிச்சம் இருந்தால் “கையில் ஒன்பதாயிரம் இருக்கு” என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்! அது கையில் இருந்த பணமே இல்லை.

‘ஓடி கட்’ என்று எல்லோரும் ஒரே போடாகப் போடுவதிலும் குழப்பம் உண்டு. வரம்பைக் குறைப்பது வேறு. இனி புதிதாக எடுக்காதே என்று நிறுத்துவது வேறு. எடுத்ததை முழுசாகத் திருப்பிக் கேட்பது வேறு. கடிதத்தில் இருப்பது இந்த மூன்றில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நான் முதல் நான்கு நாளைக் கோபப்பட்டே கழித்தேன். அந்த நான்கு நாளில் செய்திருக்க வேண்டிய வேலை, ஏற்கெனவே எழுதிக் கொடுத்த காசோலைகளைத் தேடிப் பிடிப்பது. ஓடி போய்விட்டால் அவை ஒவ்வொன்றாகத் திரும்பும். பணமில்லாமல் 12 மாதத்துக்குள் 3 காசோலை திரும்பினால் நடப்புக் கணக்கையே மூடிவிடுவார்கள். அப்புறம், அதே வங்கியில் வேறு கணக்கில் சேமிப்பு இருந்தால் அதையும் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் பெரும்பாலும் இடம் தரும். சம்பளம் போட வைத்திருக்கும் பணம் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப் போடலாம் என்றார் ஓர் உறவினர். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிற ஆ லோங் ஒருவரைத் தெரியும் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் தலையாட்டாமல் ஏகேபிகேவுக்குப் போனேன். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. என் வரவுசெலவை ஒரு தாளில் எழுதவைத்தார்கள். பதினொரு வருடத்தில் நான் அதைச் செய்ததே இல்லை. திவால் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். 2021 முதல் கடன் 100,000 வெள்ளியைத் தொட்டால்தான் திவால் மனு போட முடியும் என்று விளக்கினார்கள். அதற்குக் குறைந்த கடனுக்கும் வழக்குப் போடலாம், சொத்தைப் பிடிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி கிளைக்குப் போனேன். இந்த முறை, ஓடியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. எடுத்ததை ஐந்து வருடக் கடனாக மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். மூன்று வாரம் இழுத்தார்கள். பிறகு 8 விழுக்காட்டில் மாதம் 1,440 வெள்ளி என்று முடிந்தது. புதுக் கடிதமும் மலாயில்தான். தலைப்பு ‘பிஞ்ஜாமான் பெர்ஜாங்கா’. தம்பி அதைத் தமிழில் சொல்லிக் காட்டினான்: “தவணைக் கடன்ணே.”