மிளகுக்கு எதற்கு அலங்காரம்?

கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் ஒரு விதை பாக்கெட் வாங்கி அனுப்பியிருந்தான். 'அலங்கார மிளகு, தொட்டியில் வளர்க்க ஏற்றது' என்று போனில் முன்கூட்டியே சொல்லியும்விட்டான். பெரியவர் நாற்பது வருடமாக சில்வர் ஓக்கிலும் முள்முருங்கையிலும் மிளகுக்கொடி ஏற்றிப் பறிக்கிறவர். கொடியின் பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அது மரம் ஏறாமல் தொட்டியிலேயே புதர் மிளகாக நின்று காய்க்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த மாதிரி ஏதோ புது ரகம் போல என்று நினைத்து, காப்பிச் செடி நிழலில் மண்ணும் மட்கிய சாணமும் கலந்து இருபது பை நிரப்பி வைத்துக் காத்திருந்தார். பாக்கெட் வந்தது. பிரித்தால் உள்ளே தட்டைத் தட்டையாக மஞ்சள் விதை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, இது மிளகா விதைல்ல? இதத்தான் எங்க வீட்டம்மா தெனமும் கூட்டித் தள்ளுறா."

மிளகாய் விதைதான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னும் பின்னும் 'அலங்கார மிளகு' என்றே அச்சடித்திருந்தார்கள். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. நர்சரிப் பலகையில், செடி வளர்ப்பு வீடியோவில், வாட்ஸ்அப்பில் வரும் தோட்டக் குறிப்பில் என்று பல இடத்தில் பார்த்துப் பல்லைக் கடித்தாயிற்று. இந்தத் தடவை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் ஆர்னமென்டல் பெப்பர் என்கிறார்களே, அதுதான் விஷயம். பார்வைக்காகவே தேர்ந்தெடுத்து உருவாக்கிய மிளகாய் ரகங்கள் இவை. செடி பெரும்பாலும் குட்டையாக நிற்கும். காய்கள் கொத்தாக மேல்நோக்கி நிற்கும். பச்சை அல்லது ஊதாவில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே போவதால் ஒரே செடியில் ஒரே நாளில் நான்கு நிறம் தெரியும். இலையே கருத்திருக்கும் பிளாக் பேர்ல் என்ற ரகம் 2006-இல் அமெரிக்காவில் பரிசு வாங்கியது. நியூமெக்ஸ் ட்வைலைட், பொலிவியன் ரெயின்போ என்றும் ரகங்கள் உண்டு. எல்லாம் மிளகாய். மிளகு ஒன்றுகூட இல்லை.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்க காலத்தில் மிளகுக்குக் கறி என்று பெயர். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு சொல்லும் யவனர் கப்பல் ஏற்றிப்போன கறி மிளகுதான், ஆட்டுக்கறி இல்லை. மிரியல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மிளகு என்ற சொல் நிலைத்த பிறகும் மிளகாய் என்ற ஒன்று இங்கே கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-க்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போய், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியா வந்தது. பெப்பர் என்ற சொல்லோ வடமொழிப் பிப்பலியிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாகப் போனது. நம் திப்பிலியும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

இனிதான் என் சண்டை. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போனார். கிடைத்தது மிளகாய். கடித்துப் பார்த்தால் காரம், சரி, இதுவும் ஒரு மிளகுதான் என்று அந்தப் பெயரையே இதன் தலையிலும் கட்டிவிட்டார்கள். ஐந்நூறு வருடமாக ஆங்கிலம் அந்தக் குழப்பத்தைச் சுமக்கிறது. பிளாக், ரெட், பெல் என்று ஏதாவது அடைமொழி போட்டால்தான் அங்கே எந்தப் பெப்பர் என்று தெரியும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? புதிய காய் வந்தது, மிளகு போலக் காரம், ஆனால் மிளகு இல்லை, இது காய். மிளகோடு காயைச் சேர்த்தார்கள், பேச்சில் தேய்ந்து மிளகாய் ஆயிற்று. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. சந்தையில் விற்றவளும் அம்மியில் அரைத்தவளும் செய்த வேலை. கன்னடத்தில் மெணசு மிளகு, மெணசினகாயி மிளகாய். அங்கேயும் அதே புத்தி. மலையாளத்தில் கதை வேறு. வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்டது. முளகு என்றாலே இன்று மிளகாய், சொந்தக்கார மிளகு குறுமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழியோடு நிற்கிறது. தமிழில் அந்த விபத்து நடக்கவில்லை. அப்படித் தெளிவாகப் பிரித்து வைத்ததை இப்போது மொழிபெயர்ப்பாளர்கள் கொலம்பஸ் பக்கம் சேர்ந்துகொண்டு குழப்புகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

'அலங்கார என்று முன்னால் போட்டிருக்கிறதே, புரியாதா' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். புரியாது. இருபது பை மண் நிரப்பினவரைக் கேளுங்கள். மிளகு வெற்றிலைக்கும் திப்பிலிக்கும் சொந்தம். மிளகாய் கத்தரி, தக்காளி வகையறா, நம் மலை உருளைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. மிளகின் காரம் பைப்பரின், மிளகாயின் காரம் கேப்சைசின். ஒன்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும், மற்றதற்கு நல்ல வெயில் வேண்டும். பெயரை நம்பி வளர்த்தால் செடி தேறாது. சமவெளியில் இருக்கிறவர்களுக்காவது மிளகு என்பது பொட்டலத்தில் வருவது. தாண்டிக்குடி, ஆடலூர் பக்கம் பன்னியூர் ரகமா கரிமுண்டா ரகமா என்று கொடியைப் பார்த்தே சொல்கிற ஆட்களிடம் போய் 'அலங்கார மிளகு' என்றால் எப்படி இருக்கும்?

இது ஒரு செடியோடு நிற்கவில்லை. சமையல் குறிப்பில் 'இரண்டு மணி மிளகு நறுக்கவும்' என்று படித்தேன், பெல் பெப்பராம். குடைமிளகாய் என்று அழகான சொல், காயைக் கவிழ்த்துப் பார்த்தவன் வைத்தது, கடைக்காரர் முதல் கல்யாணச் சமையல்காரர் வரை சொல்வது, அது இருக்கும்போது மணி எங்கிருந்து அடித்தது? இன்னொரு இடத்தில் 'சிவப்பு மிளகு செதில்கள்'. மீனா அது, செதில் இருக்க? கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய் வற்றல் என்று நாலு வார்த்தை சொல்ல அலுப்பு. உச்சக்கட்டமாக 'மிளகாய் மிளகு' என்றும் ஒன்று பார்த்தேன். இயந்திரம் பெயர்க்கிறது, சரி. அனுப்புகிறதற்கு முன்னால் ஒரு மனிதர் படிக்கக் கூடாதா? அந்தக் காலத்து வெள்ளைக்காரன் நம் மிளகுத்தண்ணியை முல்லிகடானி என்று வாயில் நுழைந்தவரை எடுத்துக்கொண்டான். அவனுக்குக்கூட அதில் இருப்பது எது என்று தெரிந்திருந்தது.

நான் தனித்தமிழ்க்காரன் இல்லை. கேரட், பீன்ஸ், பீட்ரூட் என்றுதான் சொல்கிறேன், மஞ்சள் முள்ளங்கி என்று சொல்லி யாரிடமும் கால் கிலோ வாங்க முடியாது. எனக்கு வேண்டியது தெளிவு.

அப்புறம் அந்த முதல் பாதி. 'அலங்கார மிளகாய்' என்றால் தவறில்லை, ஆனால் கேட்டதும் பிளாஸ்டிக் தோரணம் நினைவுக்கு வருகிறது, தின்னக் கூடாதோ என்றும் தோன்றுகிறது. 'ஒப்பனை மிளகாய்' என்று ஒருவர் எழுதுகிறார். ஒப்பனை வெளியிலிருந்து பூசுவது, இந்தக் காய் யாரிடமும் பவுடர் கேட்கவில்லை. வண்ண மீன் என்பது போல 'வண்ண மிளகாய்' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பசுமைக்குடிலில் விளையும் சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயைக் கலர் மிளகாய் என்று சொல்லிப் பழகிவிட்டோம், இரண்டும் மோதும். நர்சரிக்காரர்கள் ஏற்கெனவே அழகுச்செடி என்கிறார்கள். அதனால் அழகு மிளகாய். சின்னதாக இருக்கிறது, சொன்னால் குழந்தைக்கும் புரிகிறது.

இதைத் தின்னலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தின்னலாம். பெரும்பாலான ரகம் நல்ல காரம், மெடூசா போல ஒன்றிரண்டில்தான் காரம் இல்லை. மணமும் சதையும் நம் சம்பா மிளகாய் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். பழுத்த பிறகு பறித்தால் ருசி கொஞ்சம் தேவலை, வினிகரில் ஊறப்போட்டால் பாட்டிலே அழகாக இருக்கும். ஆனால் கடையில் காயோடு வாங்கிய தொட்டி என்றால் முதல் காய்ப்பைத் தின்ன வேண்டாம், பார்வைக்காக விற்கிற செடிக்கு எந்த மருந்து அடித்தார்களோ. ஜெருசலேம் செர்ரி என்று சிவப்பு உருண்டைக் காயோடு ஒரு தொட்டிச் செடி இருக்கிறது, பார்க்க இதே ஜாடை, அது விஷம். கொடைக்கானல் உயரத்தில் பனி விழும் மாதங்களில் தொட்டியை ஜன்னலுக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். விதை முளைக்கச் சூடு வேண்டும், அடுப்பங்கரை மூலை போதும். சமையல் மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தால் மகரந்தம் கலந்து அடுத்த வருட விதை எதிலும் சேராமல் போகும்.

பெரியவர் அந்த விதையைத் தூக்கிப் போடவில்லை. பையையெல்லாம் நிழலிலிருந்து களத்துமேட்டு வெயிலுக்கு மாற்றி விதைத்தார். பதினொன்று முளைத்தது. இப்போது வாசல் படியில் ஊதாவும் மஞ்சளுமாக நிற்கிறது. மகன் போன் பண்ணி "மிளகு எப்படிப்பா இருக்கு" என்று கேட்டால், "மழை நல்லா இருக்கு, மாசியில பறிக்கலாம்" என்று கொடியைப் பற்றியே பதில் சொல்கிறார்.