7 என்றால் மூன்றாம் படி, 5 என்றால்?

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தேல்ஸ் தேற்றத்தை (முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும்) ஒரு வரி பிசகாமல் எழுதிவிடுகிறாள். அதே படத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்குக் கொடுத்தால் கை ஓடவில்லை. இதைக் கற்றல் என்று சொல்லலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இதே கேள்விதான் நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, தீனா வான் ஹீலே தம்பதியையும் குடைந்தது. வடிவியல் சிந்தனை படிப்படியாகத்தான் வளர்கிறது என்று 1957இல் இருவரும் தங்கள் ஆய்வேடுகளில் எழுதினார்கள். முதல் படியில் இருக்கும் பிள்ளை உருவத்தின் தோற்றத்தை மட்டும் பார்க்கிறது. ஒரு சதுரத்தை முனையில் நிற்க வைத்தால், "இது சதுரம் இல்லை, சாய்சதுரம்" என்று சாதிக்கும். இரண்டாம் படியில் பண்புகளை அடுக்கும். ஆனாலும் சதுரமும் ஒரு செவ்வகமே என்பதை ஏற்காது. மூன்றாம் படியில்தான் ஒரு பண்பிலிருந்து இன்னொன்று பிறப்பது புரிகிறது. நான்காம் படி நிரூபணம். ஐந்தாம் படியில் வெவ்வேறு அடிகோள்களின் (நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளின்) மேல் எழும் வடிவியல்களை ஒப்பிட முடியும்.

சரி, ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று எப்படி அளப்பது? 1980களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சால்மன் உசிஸ்கின் குழு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு தேர்வைத் தயாரித்தது. படிக்கு 5 வீதம் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்க 5 விடைகள், அவற்றில் ஒன்றே சரி. அதில் மதிப்பெண் போடும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சரியான விடைகளை மொத்தமாகக் கூட்டுவதில்லை. ஒரு படியின் 5 கேள்விகளில் போதுமானவை சரியானால் அந்தப் படிக்குரிய எண் கிடைக்கும்: முதல் படிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. இந்த எண்களை எப்படிக் கூட்டினாலும் ஒரு கூட்டுத்தொகை ஒரே வழியில்தான் வரும். 7 என்றால் 1, 2, 4. முதல் மூன்று படிகளையும் தாண்டிய மாணவர். 5 என்றால் 1, 4. இரண்டாம் படியைத் தாண்டாமலே மூன்றாவதைத் தாண்டியவர்! படிகள் உண்மையானால் அப்படி ஒருவர் இருக்கக்கூடாது. ஆக, அந்த ஒற்றை எண் மாணவரை அளக்கும்போதே கோட்பாட்டையும் சோதித்துவிடுகிறது. ஐந்தாம் படிதான் இந்தச் சோதனையில் சரியாகத் தேறவில்லை.

"போதுமானவை" எத்தனை? மூன்று போதும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர்களில் 100க்கு 6 பேர் ஒரு படியைத் தாண்டிவிடுவார்கள். நான்கு வேண்டும் என்றால் 1000க்கு 7 பேர்தான். ஆனால் அதற்கும் விலை உண்டு. பத்துக்கு எட்டு சரியாகச் சொல்லக்கூடிய மாணவர்களில் 100க்கு 26 பேரை நான்கு என்ற வரம்பு தோற்கடித்துவிடும். மூன்று என்றால் 6 பேரை மட்டும். இந்த இரண்டு பிழைகளையும் ஒருசேர ஒழிக்கும் வரம்பு கிடையாது. எந்தப் பிழை அதிகம் கெடுதல் செய்யும் என்று ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

உசிஸ்கின் குழுவின் அதே ஆய்வில் பங்கேற்ற ஷாரன் செங்க், ஓராண்டு நிரூபணம் படித்த மாணவர்களிலும் சுமார் 30 சதவீதத்தினரே அதில் நல்ல தேர்ச்சி பெற்றதைக் காட்டினார். இரண்டாம் படியில் நிற்பவருக்கு நான்காம் படியின் மொழியில் பாடம் நடத்தினால், மனப்பாடம்தான் அவருக்கு மிஞ்சும் வழி.

நம் ஊரில் "கணக்கு மூளை பிறவியிலேயே வரவேண்டும்" என்று பிள்ளையைக் கைவிடுகிறவர்களும், நடுமூளையைத் தூண்டுகிறோம் என்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே மூடநம்பிக்கை. அரசு செலவழிக்க வேண்டியது, தமிழ்வழி வகுப்புகளில் சோதித்துப் பார்த்த இத்தகைய தேர்வுகளுக்காக.

வாசகர் இன்றைக்கே ஒன்று செய்யலாம். மூலைவிட்டங்கள் சமமாக இருக்கும் நாற்கரம் கட்டாயம் செவ்வகமா என்று மகளிடம் கேளுங்கள். "ஆம்" என்றால் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். மூலைவிட்டங்கள் சமமான, ஆனால் செவ்வகம் அல்லாத ஒன்றை வரைய முடியுமா என்று தாளைக் கொடுங்கள். இருசமபக்கச் சரிவகத்தைத் தானே வரைந்துவிட்டால் மூன்றாம் படியை எட்டத் தொடங்கிவிட்டாள். வரையவில்லை என்றால், தேல்ஸ் தேற்றத்தைச் சில வாரம் ஒதுக்கிவைத்து நாற்கரங்களிலிருந்து தொடங்குங்கள்.