இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி: எங்கே நீவலாம், எங்கே கை வைக்கக் கூடாது

மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து, குறுவை நடவு மும்முரமாகிவிட்டால் எங்கள் பிசியோதெரபி கிளினிக்கிலும் கூட்டம் ஏறிவிடும். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்கள்தான் அதிகம். அறுவடை முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் வருவார்கள். அநேகமாக எல்லோரும் சொல்வது இதுதான்: "இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் நரம்பு இழுக்குதுங்க. எண்ணெய் போட்டு நல்லா உருவி விட்டாச்சு, கேக்கல."

உருவுவதில் பலன் உண்டு. ஆனால் அது எதுவரை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடிமனான நரம்பு. கீழ் முதுகெலும்பிலிருந்து கிளம்பும் ஐந்து வேர்கள் சேர்ந்து, புட்டத்துத் தசைக்கு அடியில் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கிளை பிரிந்து பாதம் வரை போகிறது. பெரும்பாலும் பிரச்சினை தொடங்குவது முதுகெலும்பில். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி, நரம்பு வேரை அழுத்தும். அந்த இடம் தோலுக்கு வெகு ஆழத்தில், எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. "விலகின ஜவ்வைத் தள்ளி உள்ளே விட்டுட்டேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்தக் கையும் அங்கே எட்டாது. பிதுங்கிய ஜவ்வு பலருக்கும் நாளடைவில் தானே சுருங்குகிறது. அதனால்தான் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் மசாஜ் எதற்கு? நரம்பு வலித்தால் இடுப்பு, புட்டத் தசைகள் எல்லாம் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கமே பாதி வேதனை. அதை நீவித் தளர்த்தினால் ராத்திரி தூக்கம் வரும், மறுநாள் நாலு எட்டு நடக்க முடியும். சிலருக்குப் புட்டத்துத் தசையே நரம்பை நெருக்குவதும் உண்டு, அவர்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். மசாஜ் தரும் சுகம் சில மணி நேரமோ, ஓரிரு நாளோதான் நிற்கும். அந்த நேரத்தில் நடங்கள், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள். சுகமாக இருக்கிறதே என்று நாள்கணக்கில் படுத்துவிட்டால் கிடைத்த பலன் வீண்.

வீட்டில் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வலிக்கிற பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை கொடுங்கள். இடுப்புக்குப் பக்கவாட்டில் துருத்தும் தொடையெலும்பு முனைக்கும், முதுகு முடியும் இடத்து எலும்புக்கும் நடுவே இருப்பதுதான் நீவ வேண்டிய சதை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக அழுத்தி, வட்டமாகத் தேயுங்கள், ஐந்து பத்து நிமிடம் போதும். நல்லெண்ணெயோ தைலமோ, எதுவானாலும் சரி. முதுகுத்தண்டின் மேலே அழுத்தவே வேண்டாம். கட்டை விரலால் குத்தவும் வேண்டாம்.

நீவும்போது கேட்டுக்கொண்டே இருங்கள்: "வலி இப்ப எங்கம்மா இருக்கு?" பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலே ஏறினால் நல்ல அறிகுறி. இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பயப்பட வேண்டாம். மாறாக, இடுப்பு லேசாகி, காலில் மரமரப்பு கீழே கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். நான் சிகிச்சையைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்வதும் பெரிதும் இதை வைத்துத்தான்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நடவுக்காரம்மாவை மகள் அழைத்துவந்தார். காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று யாரோ சொல்லி, இடுப்பில் மிதிக்க வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா உள்ளே வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. வாசலிலேயே கழன்றிருந்தது, அவருக்கு அது தெரியவேயில்லை. அந்தக் காலின் கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னேன், தூக்க முடியவில்லை. மசாஜ் பேச்சே எடுக்காமல் அன்றைக்கே நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். பாதம் தொங்கிப்போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் சிறுநீரோ மலமோ கசிந்தாலோ, உட்காரும் இடமும் அந்தரங்க உறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ அது அவசரம். இரவென்றாலும் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு எத்தனையோ பேர் நாள் கடத்துகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டாலே வலித்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அதை நீவவே கூடாது. எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு அழுத்தமான மசாஜ் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம் எல்லாம் கவனம், சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும்.

வலி அடங்கி வயலுக்குத் திரும்புகிறவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்தாறு முறை பின்னால் வளையுங்கள். வளைந்தால் கால்வலி கூடுகிறவர்கள், முக்கியமாக வயதானவர்கள், அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் போதும். ஒருவர் மட்டும் நிமிர்ந்தால் வரிசை பின்தங்கும் என்று பெண்கள் தயங்குகிறார்கள். கூட்டத்தில் மூத்தவர் யாராவது குரல் கொடுத்தால் மொத்த வரிசையும் சேர்ந்து நிமிரலாம்.